ஒரே லேபிள், நான்கு வண்டுகள்: கலிபோர்னியா தண்டுத் துளைப்பான் நிகழ்வு ஆய்வு (2003–2019)

பின்னணி

1868-இல் ஐகாஃப் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர், இலங்கையிலிருந்து கிடைத்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள கறுத்த வண்டு ஒன்றை ‘சைலெபோரஸ் ஃபோர்னிகேட்டஸ்’ என்று விவரித்தார். பிற்பாடு அது யூவாலேசியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. கூன்வண்டுக் குடும்பம், ஸ்கோலிடினே துணைக்குடும்பம், சைலெபோரினி பிரிவு என்பது அதன் முகவரி. 1890-களில் இலங்கைத் தேயிலையில் தண்டைத் துளைக்கும் வண்டொன்று பெரும் தொல்லையானபோது அதற்கும் இதே பெயர் சூட்டப்பட்டது. அன்றிலிருந்து ‘ஃபோர்னிகேட்டஸ்’ என்றால் தேயிலைத் தண்டுத் துளைப்பான் என்றே பொருள். பாடநூல்கள், தோட்டத்து அறிக்கைகள், தடைக்காப்பு (குவாரண்டைன்) பட்டியல்கள் எல்லாம் அந்தப் பொருளிலேயே எழுதப்பட்டன.

தேயிலையில் இந்த வண்டு செய்வது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பென்சில் பருமன் கிளையில் பெண் வண்டு துளையிட்டு உள்ளே வளையமாகவும் நீளவாக்கிலும் சுரங்கம் குடைகிறது. கொழுந்து பறிக்கும்போது கிளை அந்த இடத்தில் முறிகிறது. கவாத்துக்குப் பிறகு துளை வழியே அழுகல் இறங்கிச் செடி மீள முடியாமல் போகிறது. செடியை நேரடியாகக் கொல்வது அரிது. விளைச்சல் சரிவதும் புதரின் கட்டுக்கோப்பு குலைவதும்தான் நட்டம். 1950-களின் பிற்பகுதியில் இதற்கு எதிராக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அது தேயிலை இலைசுருட்டுப் புழுவை அடக்கி வைத்திருந்த மேக்ரோசென்ட்ரஸ் ஒட்டுண்ணிக் குளவியையும் அழித்ததால் இலைசுருட்டி தலைவிரித்தாடியது. பூச்சி மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது.

வண்டு மரத்தைத் தின்பதில்லை. பெண்ணின் தாடை அடியில் ஒரு சோடிப் பைகள் உண்டு. அவற்றில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து சுரங்கச் சுவரில் விதைக்கிறது. தாயும் புழுக்களும் தின்பது அந்தப் பூஞ்சையைத்தான். இலங்கைத் தேயிலையிலிருந்து எடுத்த பூஞ்சையை 1947-இல் கேட், லூஸ் இருவரும் விவரித்தார்கள்; இன்று அது ஃபியூசேரியம் அம்ப்ரோசியம். ஆண் வண்டு குட்டையானது, பறக்காது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண், கருவுற்றதிலிருந்து பெண். பெண்கள் பிறந்த சுரங்கத்திலேயே சகோதரனுடன் இணைந்து கருவுற்ற பிறகே வெளியேறுகின்றன. கருவுறாமல் வெளியேறிய ஒருத்தி இருந்தாலும் முதலில் ஆண் முட்டை இட்டு, அந்த மகனுடனேயே இணைந்து குடும்பத்தைத் தொடங்கிவிட முடியும். ஒரு நாட்டில் காலூன்ற ஒரே பெண் போதும் என்பது இதனால்தான்.

முதல் பதிவு, 2003

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 2003-இல் இந்த வண்டு முதன்முதலாகக் கிடைத்தது. அடையாளம் காண அன்று இருந்தது உருவ அமைப்பு மட்டும்: சிறகுறையின் (முதுகை மூடும் கெட்டி ஓட்டின்) பின்சரிவு, அதிலுள்ள சிறு மேடுகளின் வரிசை, முன்மார்பின் முன்விளிம்பு. அனைத்தும் யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸுடன் பொருந்தின. லேபிளில் அந்தப் பெயர் எழுதப்பட்டது. இருந்த கருவிகளுக்கு அது முறையான முடிவுதான்.

பெயர் தனியாக வருவதில்லை, அதனுடன் ஒரு முன்வரலாறும் வந்து சேர்கிறது. தேயிலை, ஆமணக்கு, நிழல் மரங்கள், பசுந்தாள் செடிகள் ஆகியவற்றைத் தாக்கும், மரத்தைக் கொல்லாத, வெப்பமண்டலத் தோட்டப் பூச்சி என்பது அந்த வரலாறு. தேயிலையே பயிராகாத ஒரு மாநிலத்தில் அப்படிப்பட்ட பூச்சி யாரையும் பதறவைக்காது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் தீவிரத் தேடல் இல்லாமல் கழிந்ததில் இந்த முன்வரலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எங்கள் கணிப்பு.

கண்டவை, 2012

பிப்ரவரி 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு குடியிருப்புப் பகுதியின் கொல்லைப்புறத்தில் வெண்ணெய்ப்பழ (அவகாடோ) மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. பார்க்கப் போன தாவர நோயியலாளர்கள் கண்டது: தண்டிலும் பருத்த கிளைகளிலும் சுமார் 0.85 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளைகள், பால்பாயிண்ட் பேனாவின் முனை நுழையும் அளவு. துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அது வெண்ணெய்ப்பழ மரத்தின் சாற்றிலுள்ள சர்க்கரை வெளியே வந்து உலர்ந்தது. பட்டையைக் கத்தியால் சீவினால் அடியில் மரம் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறியிருந்தது. கறை, துளையிலிருந்து மேலும் கீழும் நாக்குப்போல நீண்டது. அந்தக் கறை விளிம்பிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை, 0.01 சதவீதம் டெட்ராசைக்ளின் கலந்த உருளைக்கிழங்கு அகர் ஊடகத்தில் வைத்தபோது ஒரு ஃபியூசேரியம் வளர்ந்தது.

இஸ்ரேலில் 2009 முதல் வெண்ணெய்ப்பழத் தோப்புகளைக் காயவைத்துக்கொண்டிருந்த பூஞ்சையும் இதுவும் ஒன்றே என்று டி.என்.ஏ. வரிசைமுறை ஒப்பீடு காட்டியது. ஆனால் தேயிலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஃபியூசேரியம் அம்ப்ரோசியத்துடன் அது பொருந்தவில்லை. 2013-இல் அதற்கு ஃபியூசேரியம் யூவாலேசியே என்று புதுப் பெயர் கிடைத்தது. பெயர் சரியில்லை என்ற முதல் சந்தேகம் வண்டைப் பார்த்து எழவில்லை, அதன் உணவைப் பார்த்து எழுந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூஞ்சையை வைத்து வண்டை முடிவுசெய்யக் கூடாது. இந்தக் குழுவில் வண்டுகளின் வம்சாவளியும் பூஞ்சைகளின் வம்சாவளியும் ஒன்றோடொன்று இணையாக ஓடவில்லை. காலப்போக்கில் வண்டுகள் பூஞ்சையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. பூஞ்சை பொருந்தாதபோது வண்டைத் திரும்பப் பார் என்ற அளவுக்கே அது துப்பு.

விருந்தோம்பி மரக் கணக்கெடுப்பு

அடுத்த கேள்வி, வண்டுக்கு இடம் தரும் விருந்தோம்பி மரங்கள் எவையெவை என்பது. தேயிலை இலக்கியத்தின் பட்டியலை எடுத்து அதிலுள்ள மரங்களை மட்டும் தேடியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ஏற்கெனவே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்த இரண்டு தாவரவியல் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்து எல்லா மரங்களையும் பார்த்தார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் ஒரே வண்டுக்கூட்டத்துக்கு நடுவே நிற்கும் இடம் அது. இதைவிட நல்ல சோதனைக்களம் அமைத்தாலும் கிடைக்காது.

85 குடும்பங்களைச் சேர்ந்த 335 மர, செடி இனங்கள் பார்க்கப்பட்டன. 58 குடும்பங்களைச் சேர்ந்த 207 இனங்களில் தாக்குதல் அறிகுறி இருந்தது. தாக்கப்பட்டவற்றில் 54 சதவீத இனங்களில் மட்டுமே பூஞ்சை மீட்கப்பட்டது. வண்டு உள்ளே சென்று பூஞ்சை வளர்த்துக் குஞ்சு பொரித்து அடுத்த தலைமுறையை வெளியே அனுப்பிய மரங்கள் 19 இனங்கள் மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் பிரித்து வைத்ததுதான் இந்த ஆய்வின் முதுகெலும்பு. 207 என்ற எண் பத்திரிகைத் தலைப்புக்கு உதவும். பரவலைத் தீர்மானிப்பது 19. தாக்கப்பட்ட மரம் என்றால் ஒரு பெண் வண்டு கடித்துப் பார்த்திருக்கிறது என்று மட்டுமே பொருள். பல மரங்கள் பிசினோ சாறோ பீய்ச்சி அதை வெளியே தள்ளிவிடுகின்றன. பூஞ்சை மட்டும் தங்கிய மரம் கிளை காயலாம், ஆனால் வண்டைப் பெருக்காது. பெருக்கும் மரமே ஊற்று. பாக்ஸ் எல்டர் மேப்பிள், சைக்கமோர், சில ஓக் இனங்கள், வில்லோ, கல்யாண முருங்கையின் உறவான எரித்ரினா, ஆமணக்கு, வெண்ணெய்ப்பழம் ஆகியவை இந்த வகை. தென்கலிபோர்னியத் தெருமரங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று பெருக்கும் இனமாக இருந்தது என்பதுதான் நகராட்சிகளை உட்காரவிடாமல் செய்தது.

அறிகுறியும் மரத்துக்கு மரம் மாறியது. வெண்ணெய்ப்பழத்தில் வெள்ளைச் சர்க்கரைப் பொடி, சைக்கமோரில் ஈரமான கருங்கறை, வில்லோவில் மரத்தூள், வேறு சிலவற்றில் பிசின். வெள்ளைப் பொடியை மட்டும் தேடச் சொல்லி அனுப்பப்பட்ட கணக்கெடுப்பாளர் சைக்கமோரைக் கடந்து போய்விடுவார்.

முடிவு ஒன்று: இனப்பெயரை நிறுத்திவைத்தல்

இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா சி.ஓ.ஐ. மரபணுவின் வரிசை, இந்த வண்டில் தேயிலை வண்டின் வரிசையிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. ஓர் இனத்துக்குள் காணப்படும் இயல்பான வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாத விலகல் அது. உருவத்திலோ கைக்குச் சிக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. இருந்த வழிகள் மூன்று: பழைய பெயரையே வைத்துக்கொள்வது, உடனே புது இனம் என்று அறிவிப்பது, பெயரில்லாமல் விடுவது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘யூவாலேசியா இனம்’ என்று மட்டும் எழுதி, பேச்சுவழக்குக்கு ‘பலமரத் துளைப்பான்’ என்ற பொருளில் ஒரு பொதுப்பெயரை வைத்தார்கள். காரணம் நியாயமானது. ஃபோர்னிகேட்டஸ் தொகுதியில் (உருவத்தால் பிரிக்க முடியாத நெருங்கிய இனங்களின் கூட்டத்தில்) கடந்த நூற்றாண்டில் எக்கர்ஸ், ஷெடல் போன்ற வகைப்பாட்டியலாளர்கள் சூட்டிய பெயர்கள் பல ஒத்தபெயர்களாக, அதாவது ஏற்கெனவே பெயருள்ள இனத்தின் செல்லாத மறுபெயர்களாக, முடக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றில் எது இந்த வண்டுக்கு உரியது என்று பார்க்காமல் புதுப் பெயர் வைத்தால் குப்பையில் இன்னொரு பெயர் சேரும். பொதுப்பெயர் வைத்ததால் துண்டறிக்கை, பயிற்சி, களப்பணி எதுவும் தடைபடவில்லை.

முடிவு இரண்டு: மூலத்தைத் தேடுதல்

2013-இல் தெற்கே சான் டியாகோ பக்கம் வணிக வெண்ணெய்ப்பழத் தோப்பில் இதே அறிகுறி தென்பட்டது. பரவிவிட்டது என்றே முதலில் எவரும் நினைப்பார்கள். வரிசைமுறை வேறு பதில் தந்தது: இது மூன்றாவது வண்டு, தனியாக நுழைந்தது, வேறு ஃபியூசேரியத்தைச் சுமந்தது. 2015-இல் மெக்சிகோ எல்லையோர டிஹுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வில்லோக் காடுகளை முறித்துப் போட்டது இந்த மூன்றாவது வண்டுதான். நீரோட்டத்தை ஒட்டி வேகமாக, மென்மரமாக வளர்ந்த வில்லோக்கள் பலத்த சேதம் அடைந்தன. வறண்ட இடத்து வில்லோக்கள் ஓரளவு தப்பின.

ஆசியா முழுவதிலிருந்தும் மாதிரிகள் திரட்டப்பட்டன. 2017-இல் வெளியான ஒப்பீட்டில் லாஸ் ஏஞ்சலஸ் வண்டின் மரபு வரிசை வியட்நாமுடனும், சான் டியாகோ வண்டினது தைவானுடனும் பொருந்தியது. இயற்கை எதிரிகளை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இது நேரடி விடை. பழைய லேபிளை நம்பியிருந்தால் இலங்கைத் தேயிலைப் புதர்களில் தேடி, வேறொரு வண்டின் எதிரிகளைப் பிடித்து வந்திருப்பார்கள்.

பெயர் இரண்டு முறை புரண்டது

2018-இல் தொகுதி முறையாகத் திருத்தப்பட்டது. ஐகாஃபின் மூல வகைமாதிரி (பெயருக்கு ஆதாரமான வண்டு) தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் கருதியிருந்தார்கள். ஆகவே ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் தேயிலை வண்டுக்கே வழங்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் வண்டுக்கு ஷெடல் 1942-இல் வைத்த விட்ஃபோர்டியோடெண்ட்ரஸ் என்ற பெயர் உயிர்ப்பிக்கப்பட்டது. சான் டியாகோ வண்டு குரோஷியோ என்ற புது இனமானது. எக்கர்ஸ் 1923-இல் பெயரிட்ட ஃபோர்னிகேட்டியர் நான்காவது.

அடுத்த ஆண்டே தொலைந்ததாகக் கருதிய வகைமாதிரி கிடைத்தது. அதன் சிறகுறை, முன்மார்பு அளவுகளை எடுத்துப் பார்த்ததில் தேயிலை வண்டின் வரம்புக்குள் அது விழவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வண்டின் அளவுகளோடு ஒத்துப்போனது. பெயரிடல் விதிப்படி வகைமாதிரி எதுவோ, பெயர் அதற்கே. 2019-இல் வெளியான மறுதிருத்தத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வண்டு ஃபோர்னிகேட்டஸ் ஆனது, விட்ஃபோர்டியோடெண்ட்ரஸ் அதன் ஒத்தபெயராக இறங்கியது. தேயிலை வண்டுக்கு, ஷெடல் 1951-இல் வைத்த பெர்பிரேவிஸ் என்ற பெயர் மீட்கப்பட்டது. ஃபோர்னிகேட்டியரும் குரோஷியோவும் நீடித்தன.

விளைவு வேடிக்கையானது. 2003 லேபிளில் எழுதிய பெயர் 16 ஆண்டுகள் கழித்து எழுத்துக்கு எழுத்து சரியென்று ஆகிவிட்டது. அந்தப் பெயரை நம்பி அன்று இறக்குமதி செய்த தகவல் மட்டும் பெருமளவு வேறு வண்டுகளுடையதாகவே இருக்கிறது. ஃபோர்னிகேட்டஸ் என்ற சொல்லின் கீழ் நூறாண்டுக்கும் மேலாகத் தேயிலையில் சேர்ந்த வாழ்க்கைச் சுழற்சி, சேதம், மருந்து, இயற்கை எதிரி பற்றிய தரவுகளை இன்று ஃபோர்னிகேட்டஸ் என்று அழைக்கப்படும் வண்டுக்கு எடுத்துப் பொருத்த முடியாது.

இன்றைய பரவல்

ஃபோர்னிகேட்டஸ்: தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்டது, குடியேறிய இடங்கள் இஸ்ரேல், கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா. தென்னாப்பிரிக்காவில் 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்து லண்டன் பிளேன் மரங்களில் தெரியவந்தது. பழைய மாதிரிகளைப் புரட்டியபோது 2012-லேயே டர்பன் பக்கம் சிக்கியிருந்தது புலப்பட்டது. பெர்த் நகரை ஒட்டிய ஈஸ்ட் ஃப்ரீமேன்டிலில் ஆகஸ்ட் 2021-இல் ஒரு வீட்டுக்காரர் தம் கொல்லை மேப்பிள் மரத்தைப் பற்றிப் புகார் தந்து வெளிப்பட்டது. முற்றாக ஒழிப்பது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை என்று 2025-இல் கைவிட்டு, கட்டுப்படுத்தும் திட்டத்துக்கு மாறினார்கள். பெர்பிரேவிஸ் இலங்கை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஹவாய், ஃபுளோரிடா வரை. குரோஷியோ தைவான், ஒகினாவா பக்கம், பிறகு கலிபோர்னியா. ஃபோர்னிகேட்டியர் இலங்கை உள்ளிட்ட ஆசியப் பகுதிகளில்.

களத்தில் நின்ற நடைமுறை

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் நடக்கின்றன. துளைக்குள் இடுக்கி விட்டு வண்டை இழுத்தால் பின்சரிவு நசுங்கும். பார்க்க வேண்டிய பாகமே அதுதான். கிளையை வெட்டி, உளியால் இழைவாக்கில் பிளந்து சுரங்கத்தைத் திறக்க வேண்டும். முதிர்ந்த கறுத்த பெண்களை மட்டும் அளவெடுக்கலாம். இளம்பழுப்பு நிறத்தில் உள்ளவை ஓடு இறுகாத இளசுகள். ஆண்கள் இனம் காண உதவா, ஆனாலும் சேமிக்க வேண்டும், குஞ்சு பொரித்ததற்கு அவை சான்று.

டி.என்.ஏ.வுக்கு 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். பொறியின் அடியில் பல நாள் தண்ணீரிலோ சோப்புக் கரைசலிலோ ஊறிய வண்டின் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். ஒரு காலை மட்டும் எடுத்துப் பிரித்தெடுத்தால் உடல் சான்றாக மிஞ்சும்; முழு வண்டையும் அரைத்துவிட்டால், பெயர் மாறும்போது திரும்பப் பார்க்க எதுவும் இருக்காது. 2019-க்குப் பிறகு சிக்கல் இன்றித் தப்பியவை உடலைப் பாதுகாத்த சேகரிப்புகளே. அளவுகள் இனங்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒற்றை வண்டை மைக்ரோமீட்டரை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது; வரிசைமுறையோ, டி.என்.ஏ. உருகும் வெப்பநிலையை வைத்து இனம் பிரிக்கும் உருகுவளைவு பி.சி.ஆர். சோதனையோ தேவை.

பொதுத் தரவுத்தளத்தில் வரிசையை ஒப்பிடும்போது எதிரிலுள்ள பெயரை அப்படியே எடுக்கக் கூடாது. பதிவேற்றிய ஆண்டைப் பார்க்க வேண்டும். 2012-க்கு முன் ‘ஃபோர்னிகேட்டஸ்’ என்றால் நான்கில் எதுவும் இருக்கலாம். 2018 திருத்தத்தைப் பின்பற்றியதாயின் அது இன்றைய பெர்பிரேவிஸ். 2019 திருத்தத்தைப் பின்பற்றியதாயின் லாஸ் ஏஞ்சலஸ் வண்டு.

பாதிக்கப்பட்ட மரத்தை வெட்டினால் கட்டையை விறகாக வெளியே விடக் கூடாது. 2.5 செ.மீ.க்கும் சிறிய சில்லுகளாக அரைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வெயிலில் வேகவைக்க வேண்டும். 35 டிகிரி செல்சியஸுக்கு மேலான கோடையில் குறைந்தது ஆறு வாரம், குளிர்ந்த மாதங்களில் ஆறு மாதம். விரிப்பின் ஓரங்களை மண்ணிட்டு மூடாமல் விட்டால் சூடு ஏறாது, வண்டும் ஓரமாக வெளியேறும். எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியைத் தண்டில் ஊசியேற்றுவது இளந்தாக்குதலில் பலன் தருகிறது. சாற்றோட்டம் நின்றுபோன, பாதிக்கு மேல் காய்ந்த மரத்தில் மருந்து மேலே ஏறாது. அங்கே வெட்டுவதே வழி. கத்தி, ரம்பம் ஆகியவற்றை மரத்துக்கு மரம் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

ஒன்று, உருவத்தை மட்டும் பார்த்தவர்கள் ‘ஃபோர்னிகேட்டஸ் தொகுதி’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது. தடைக்காப்பு நடவடிக்கைக்கு அதுவே போதும்.

இரண்டு, புதுப் பெயர் சூட்டுவதற்கு முன் வகைமாதிரியைத் தேடி முடிப்பது. இங்கே வரிசை தலைகீழானதால் ஓராண்டு இடைவெளியில் ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் அச்சேறியது. அந்த ஓராண்டில் வெளியான கட்டுரைகள் இன்னமும் வாசகரைக் குழப்புகின்றன.

மூன்று, மரப்பட்டியலை ஒற்றைப் பத்தியாக வெளியிடாமல், துளை மட்டும், பூஞ்சை உண்டு, குஞ்சு பொரித்தது என்று மூன்று பத்தியாக வெளியிடுவது. நகராட்சி எந்த மரத்தை முதலில் வெட்டும் என்பது மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

நான்காவது நம் பக்கத்து வேலை. இலங்கை மலையகத்திலும் நீலகிரி, வால்பாறை தேயிலையிலும் எடுத்த பழைய மாதிரிகள் அநேகமாக ஃபோர்னிகேட்டஸ் என்ற லேபிளுடனேயே பெட்டிகளில் இருக்கின்றன. வகைமாதிரி இலங்கையிலிருந்தே வந்ததால் மூன்று இனங்கள் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. தேயிலைத் தண்டில் எடுத்ததையும், அதே தோட்டத்து நிழல் மரத்திலும் வேலியோர ஆமணக்கிலும் எடுத்ததையும் ஒரே குப்பியில் போடுவது இன்றைக்கும் வழக்கம். மரத்துக்கு ஒரு குப்பி, குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு, சீட்டில் மரத்தின் பெயர், கிளையின் விட்டம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சுரங்கத்தில் புழு இருந்ததா இல்லையா. பேனா மையானால் எத்தனாலில் கரைந்துபோகும்.